பாதி வட்டம்

மண்டபம் தாண்டி, ரயில் பாலத்துக்கு முன்னால்,
உடைமரங்களுக்கு நடுவே எங்கள் கோபுரம்.
பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம் என்கிறது பலகை.
உப்புக்குச் சொந்தம் என்பது
மாதாமாதம் போல்ட் மாற்றுகிற எனக்குத் தெரியும்.

ஐந்தரைக்கு வண்ணப் பட்டைகள்.
ஆறுக்கு ஜுலைகா மேடத்தின் கணக்கு.
ஆறரைக்கு மண்ணியல்; மதுரையிலிருந்து
டேப் வந்து சேராவிட்டால் மறுபடியும் கணக்கு.
நாடகம் கிடையாது, நகைக்கடை கிடையாது.
"ஒங்க டிவியில யாருமே சிரிக்க மாட்டாங்களா?"
என்பார் டீக்கடைக்காரர்.

தணிக்கைக்கு வந்த நிதி அலுவலர்
வரைபடத்தை மேசையில் விரித்தார்.
காம்பஸ் வைத்து நாங்களே போட்ட வட்டம்:
உச்சிப்புளி உண்டு, பாம்பன் உண்டு,
ஓரத்தில் தேவிபட்டினம், பட்டும் படாமல்.
மீதி நீலம்.
"பாதி வட்டம் தண்ணியில விழுதேம்மா,
மீனுக்கா பாடம் நடத்துறீங்க?"
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
சம்பளப் பட்டியல் அவர் பையில் இருந்தது.

படிவம் ஒன்று வைத்துவிட்டுப் போனார்.
பதினோராம் கலம்:
உத்தேசப் பார்வையாளர் எண்ணிக்கை.

அடுத்த வாரம் இன்னாசி வந்தான்,
தங்கச்சிமடத்துக்காரன்.
நாற்பது நாள் அக்கரை மறியலில் கிடந்து
படகை விட்டுவிட்டு
ஆளாக மட்டும் திரும்பியவன்.
வாசலிலேயே நின்றான்.

"அந்தக் கணக்கு மேடம் இருக்காங்களா?
அங்க வார்டர் ரூம்ல ஒரு பொட்டி.
சாயங்காலம் காத்து விழுந்துச்சுன்னா
ஒங்க சானல் எடுக்கும்.
படம் புழுதிதான், கோடெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும்.
குரல் மட்டும் சுத்தம்.
வார்டர் மகன் நோட்டோட ஒக்காந்திருப்பான்.
நான் கம்பிக்கு இந்தப் பக்கம்."

சட்டைப்பையிலிருந்து பீடிக்கட்டுத் தாள்.
உள்பக்கம் பென்சிலில் ஒரு செங்கோண முக்கோணம்.
சின்னப் பக்கம் ஐந்து, அடுத்தது பன்னிரண்டு,
சாய்ந்த கோட்டில் ஒன்றுமில்லை.
"வெடை சொல்றப்ப படம் போயிருச்சு.
அந்தப் பய கேக்கச் சொன்னான்.
அடுத்து எவனையாச்சும் புடிச்சா
அவன்கிட்டச் சொல்லி விடுங்கன்னான்."

பதிவேட்டைப் புரட்டினேன்.
ஆறு இருபத்திரண்டு முதல் முப்பத்தொன்று வரை மின்தடை.
தடங்கலுக்கு வருந்துகிறோம் என்ற அட்டைகூடப் போடவில்லை.
அதைப் போடவும் மின்சாரம் வேண்டும்.

பதின்மூன்று என்று நானே சொல்லி அனுப்பியிருக்கலாம்.
யாரிடம்?

மறுநாள் மேடத்தை வரவழைத்தேன்.
அதே கரும்பலகை, அதே முக்கோணம்,
அட்டவணையில் இல்லாத பாடம்.
விடையைப் பெரிதாக எழுதுங்கள் என்றேன், ரொம்பப் பெரிதாக.
எதற்கு என்று கேட்டார்.
கோடு ரெண்டு ரெண்டாகத் தெரியும் என்றேன்.

அன்று பார்த்துக் கச்சான் ஓயவில்லை.
இழுகம்பிகள் ஊளையிட்டன.
அதற்கடுத்த நாளும் அதே டேப்.
அதற்கடுத்த நாளும்.
"என்னம்மா, மாட்டிக்கிச்சா?" என்றார் டீக்கடைக்காரர்.

நான்காம் நாள் ஐந்து மணிக்கு
கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது.
பாலத்தில் போன ரயிலின் சத்தம்
அது போய் வெகுநேரம் கழித்தும் கேட்டது.
டேப்பைப் போட்டேன்.

இன்றைக்கு அவகாசம் முடிகிறது.
காலைப் பேப்பரில், எட்டுப் பேரைப் பிடித்திருக்கிறார்கள்.
பதினோராம் கலத்தில் எட்டு என்று எழுதினேன்,
பென்சிலால்.
அழித்தேன்.
பையனை விட்டுவிட்டேனே.