தரம்

ராணிப்பேட்டை சிப்காட்டில் எனக்கு வேலை
செத்த ஆட்டின் முதுகைப் படிப்பது.
நீலம் பாய்ந்த ஈரத் தோலை மேசையில் விரித்து
உள்ளங்கையால் ஒருமுறை தள்ளினால் போதும்:
இது வேலி தாண்டி முள்ளில் கிழிந்தது,
இது உண்ணி கடித்தது,
இதற்குக் குட்டியிலேயே அம்மை கண்டிருக்கிறது.
ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓரத்தில் எழுதுவேன்.
அதற்கும் கீழே போனால் எண் கிடையாது,
ஒரு பெருக்கல் குறி.

சித்திரையில் எனக்கு அரிப்பு தொடங்கியது.
"கம்பெனி மருந்துதான்" என்றாள் நவநீதம்.
குரோமியம், சுண்ணாம்பு, பாலாற்றுத் தண்ணீர் என்று
தெருவே ஆளுக்கொரு பழி சொன்னது.
எனக்கும் அது வசதிதான்.
முதலாளியைத் திட்ட இருபது வருடமாய்க் காத்திருந்தேன்.

தொடையில் கொப்புளம் எழுந்ததும்
திருவலம் போய் அக்கி எழுதிக்கொண்டோம்.
காவியில் ஒரு சிங்கம், வால் முழங்கால் வரை.
மூன்றாம் நாள் சிங்கத்தின் வயிற்றில்
நாவல்பழம் அளவுக்கு நீர் கோத்து நின்றது.

வேலூர் ஆஸ்பத்திரியில்
பக்கத்துக் கட்டில்காரர் வங்காளி.
அவரும் நானும் அரிப்பை மட்டும்
கையால் பேசிக்கொண்டோம்.
காவி போகாத தொடையை
ஹவுஸ் சர்ஜன் பெண் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தாள்.
என் மேசையில் நான் தள்ளுகிற அதே தள்ளல்.
எத்தனாம் நம்பர் என்று கேட்க வாய் வந்தது.

அவள் கேட்டாள்:
"சமீபத்துல மாத்திரை ஏதாவது மாத்தினாங்களா?"

தை மாதம் மாற்றினார்கள். சர்க்கரைக்கு.
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.
நவநீதம் மஞ்சள் பையைக் கவிழ்த்தாள்,
வெள்ளி அட்டைகள் போர்வையில் சரிந்தன.
"சுகர் நூத்திப் பதினெட்டுக்கு எறங்கிச்சே டாக்டர்,
நல்லாத்தானே கேட்டுகினு இருந்துது?"
"ரத்தத்துக்குக் கேட்டிருக்கும்மா. தோலுக்கு ஆகல."

அதை நிறுத்தினார்கள்.
கொப்புளம் ஆற வேறொன்று தந்தார்கள்,
அது சர்க்கரையை ஏற்றும் என்றார்கள்,
ஏறிய சர்க்கரைக்கு வயிற்றில் ஊசி.
யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.
மாத்திரையின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி
இவருக்கு என்றைக்கும் கூடாது என்று
ஒரு அட்டை கொடுத்தார்கள்.
பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

ராத்திரி விளக்கணைத்த பிறகு
கட்டிலுக்கடியில் பாயில் கிடந்தவள்
திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள்.
"குடியாத்தத்துத் தம்பிக்கு ரெண்டு அட்டை குடுத்துட்டேங்க.
உங்களுக்கு நல்லா கேட்டுச்சேன்னு."

வராந்தாவில் நின்று போன் போட்டாள்.
எதிர்முனையில் எத்திராஜ் சிரிப்பது
என் கட்டில்வரை கேட்டது.
"எனக்கு ஒண்ணும் ஆவலையே அக்கா.
வெயிலுக்கு லேசா அரிக்குது, அவ்ளோதான்."