சும்மா ஒரு சுற்று

சனிக்கிழமை. ஆறு இருபது.
கேற்றைத் திறக்கிற சத்தத்துக்கே மகள் கேட்டாள்:
"அப்பா, எங்க வெளிக்கிட்டாச்சு?"
"சும்மா."
"சும்மாவெண்டால்?"
யதுர்சிகா பெல்லை இரண்டு தரம் அடித்தாள்.
அவளுக்கு அது போதுமான பதில்.

"வாறநேரம் கறிவேப்பிலை" என்று குசினியிலிருந்து குரல் வரமுன்
நாங்கள் உவர்மலைச் சரிவில் இருந்தோம்.

மிதிக்கத் தேவையில்லை.
பிறேக்கில் இரண்டு விரல், வாயில் கொஞ்சம் கடற்காற்று.
மருமகன் வாங்கித்தந்த கட்டைக் களிசான்.
அறுபத்தொன்பது வயதில்
என் முழங்கால்கள் முதன்முதலாய் ஊரைப் பார்க்கின்றன.

முப்பத்தொரு வருஷம் வீடுவீடாய் மீற்றர் பார்த்தவன் நான்.
இந்தத் தெருக்களின் நாய்களைப் பேர்சொல்லித் தெரியும்.
இப்போது குரைப்பவை அவற்றின் பேரப்பிள்ளைகள்.
கோபத்தை மட்டும் பிசகாமல் கைமாற்றியிருக்கிறார்கள்.

நீலக் கேற்றடியில் என் கால் ஊன்றிக்கொண்டது.
"ஏன் நிண்டனீங்கள்?"
"நான் நிக்கேல்லை. கால் நிண்டது."
"காலுக்குச் சொல்லுங்கோ அம்மப்பா, லீவெண்டு."
சொன்னேன்.
அடுத்த கேற்றிலும் நின்றது.
அதற்கடுத்ததில்
கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனது.

உட்துறைமுகத்தில் தண்ணீர் அசையவில்லை.
தூரத்தில் ஒரு கப்பல், துருப்பிடித்த பக்கம் எங்களுக்கு.
அவளுடைய சைக்கிளுக்குக் கியர் ஆறு.
எனக்கு ஒன்று, அதன் பேர் மூச்சு.
முன்னே போவாள், தெருவிளக்குக் கம்பத்தைத் தொடுவாள்,
திரும்பி வருவாள், மறுபடி போவாள்.
நான் போன தூரத்தை அவள் மூன்று தரம் போனாள்.
காசு கேட்காத தூரம்.

தேத்தண்ணிக் கடை நவ்பர் நானா கையை உயர்த்தினார்.
"எங்க, ஆசுப்பத்திரிக்கோ?"
"இல்லை."
"பென்சனோ?"
"சனிக்கிழமையில ஆர் பென்சன் தாறது? சும்மா."
கோப்பையை அந்தரத்தில் பிடித்தபடி
எங்களுக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று பார்த்தார்.

கோட்டை வாசலில் ஒரு மான்
தெருவின் சரிநடுவில் நின்று
மட்டைப்பெட்டி ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தது.
யது பெல் அடித்தாள்.
மான் காதை மட்டும் திருப்பிற்று.
அந்த நாளில் என்றால் நேரம் பார்த்திருப்பேன்,
இன்னும் நாற்பது வீடு என்று திட்டியிருப்பேன்.
ஒரு காலை ஊன்றி நின்றோம்.
பெட்டியின் இரண்டு பக்கம் முடிந்தது.
மூன்றாவது பக்கத்தை அது தொடங்கும்போது
யது மெதுவாய்ச் சொன்னாள், "பசிக்குது."

டச்சுக்குடாவில் கரைவலை ஏறியிருந்தது.
"மீற்றர் ஐயா!" சந்தியாப்பிள்ளை ஓடிவந்து
ஒரு சொப்பிங் பையை என் ஹாண்டிலில் கொழுவினான்.
பத்துப் பன்னிரண்டு சூடை, இன்னும் கண் மங்காதவை.
வேண்டாம் என்றேன். அவன் ஏற்கனவே வலையடியில்.

யதுவின் முகம் கறுத்துப்போயிற்று.
"இனி வீட்டில என்ன சொல்லுவினம்?
மீன் வாங்கப் போனதெண்டு."

ஏற்றத்தில் இறங்கி உருட்டினோம்.
பை ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் தட்டியது,
ஞாபகப்படுத்துகிற மாதிரி.
மதிலுக்கு மதில் ஒரு காகம் கூடவே வந்தது.

நீலக் கேற்று.
இந்த முறை கால் நின்றபோது
அவளும் நின்றாள்.
பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
கேற்றுக்குக் கீழே ஒரு மூக்கு,
பரம்பரைக் கோபத்தோடு.

முதல் சூடை விழுந்ததும்
குரைப்பதா தின்பதா என்று அது திண்டாடிற்று.
பிறகு எதிர்வீட்டு நாய், மூலைவளவுப் பூனை.
கடைசி இரண்டும் காகத்துக்கு,
அவ்வளவு தூரம் வந்ததற்கு.

மகள் வாசலில் நின்றாள்.
"கறிவேப்பிலை?"
வெறும் ஹாண்டிலைக் காட்டினோம், கொஞ்சம் பெருமையாய்.
அவள் மூக்கைச் சுளித்தாள்.
"என்ன, மீன் மணக்குது?"

இருவரும் ஒரே நேரத்தில்
கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனோம்.