இறக்கும் வேகம்

கிளாய்பெடா துறைமுகத்தில்
எட்டாம் எண் கிரேன் என்னுடையது.
நாற்பது மீட்டர் உயரம், கண்ணாடித் தரை,
காலடியில் கடல்.
அக்டோபரிலிருந்து
ஏறி உட்கார்ந்ததும்
எதற்கு ஏறினேன் என்பது மறந்துபோகும்.

மருத்துவர் யுர்காய்த்தே எழுதித் தந்தார்:
முதல் வாரம் பாதி மாத்திரை, பிறகு முழுசு.
காலையில், வயிற்றில் ஏதாவது விழுந்த பின்.
ஒரு நாள் தவறினால் தவறியதுதான்,
மறுநாள் இரண்டாகப் போட்டு ஈடுகட்ட வேண்டாம்.
குடிப்பீர்களா, என்றார்.
வெள்ளிக்கிழமைகளில், என்றேன்.
பேனாவை எடுக்காமல் காத்திருந்தார்.
மற்ற நாட்களிலும், என்றேன்.

ஃபோர்மேன் அல்விடாஸிடம் சொல்ல
மூன்று நாள் பிடித்தது.
தலை சுற்றலாமாம், இரண்டு வாரம் கீழே நிற்கிறேன்.
என்ன மாத்திரை என்று அவன் கேட்கவில்லை.
எண்ணிக்கைப் பலகையையும் மஞ்சள் மழைக்கோட்டையும்
கையில் திணித்தான்.
மாலை கிளம்பும்போது மட்டும்
சைக்கிள் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
என் மனைவிக்கும் அதேதான்.

மானம்தான் கப்பலேறும் என்பார்கள்.
எனக்கு வயிறு ஏறியது.
தாடை இறுகியது, உள்ளங்கை வேர்த்தது.
எட்டாம் நாள் இரவு மூன்று மணிக்கு
ஒரு நினைப்பு வந்தது.
பழையதுதான், இம்முறை கைகால் முளைத்து.
இதையும் அவர் சொல்லியிருந்தார்:
ஆரம்பத்தில் இருள் கொஞ்சம் கூடலாம்,
கூடினால்
விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.
அந்த எண்ணை அழுத்தினேன்.
எனக்காகவே விழித்திருந்ததுபோல் ஒரு பெண்குரல்.
பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?
யாருமில்லை. கீழ்வீட்டில் டாங்குவோலே.
போய்க் கதவைத் தட்டுங்கள்,
நான் லைனிலேயே இருக்கிறேன்.

இரவு உடைமேல் குளிர்கோட்டு போட்டபடி
டாங்குவோலே வெந்நீர் வைத்தாள்.
அலமாரியிலிருந்து ஒரு ஜாடி இறங்கியது:
ஜூனில், புனித யோவான் இரவில், பனியோடு பறித்த
மஞ்சள் பூக்கள்.
மனசுக்கு இதைவிட மருந்து உண்டா, என்றாள்.
கோப்பை உதடுவரை வந்துவிட்டது.
அது என்ன தேநீர்?
கேட்டது தொலைபேசி.
பெயரைச் சொன்னேன்.
கீழே வையுங்கள்.
அந்தப் பூவும் உங்கள் மாத்திரையும்
ஒரே கதவைத் தள்ளுபவை,
சேர்ந்து தள்ளினால் கதவே பெயரும்.
டாங்குவோலேக்கு முகம் சுருங்கியது.
தேநீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு
பால் காய்ச்சினாள்.
பொழுது வெளுக்கும்வரை
செத்துப்போன தன் நாயைப் பற்றியே பேசினாள்.
வேறு எதையும் கேட்கவில்லை.

ஐந்தாம் வாரம்
புகைமீன் கடையைக் கடக்கையில் பசித்தது.
அவ்வளவுதான்.
நின்று, ஒரு விலாங்குத் துண்டு வாங்கி
காகிதத்தோடு தின்றேன் ஏறக்குறைய.

மார்ச்சில் எனக்கு நானே மருத்துவரானேன்.
தேறிவிட்டது, போதும்.
மாத்திரைப் பெட்டி மேசை இழுப்பறைக்குள் போனது.
நான்காம் நாள், கிரேன் உச்சியில்,
தலையைத் திருப்பும்போதெல்லாம்
மூளைக்குள் ஒரு மின்சொடுக்கு.
கம்பிகளில் முப்பது டன்.
பெட்டி ஆடவில்லை. நான் ஆடினேன்.
மூச்சைப் பிடித்துத் தரையில் வைத்தேன் அதை.
ரேடியோவில் சொன்னேன்: அல்விடாஸ், நான் இறங்குகிறேன்.
இறங்கு, என்றான். ஏணியடியில் நின்றான்.

யுர்காய்த்தே திட்டவில்லை.
சரக்கை எப்படி இறக்குவீர்கள், என்று கேட்டார்.
கடைசி இரண்டு மீட்டர்தான் வேலையே, என்றேன்,
தரை எடையை வாங்கிக்கொள்ளும்வரை
கம்பி தளரக் கூடாது.
அவர் எதையோ எழுதினார்.
இப்போது அல்ல, என்றார். இன்னும் சில மாதம் போகட்டும்.
அப்புறம் சேர்ந்து இறக்குவோம்,
கொஞ்சம் கொஞ்சமாக.

இன்று காலை பாதி ரொட்டி, ஒரு மாத்திரை.
வெளியே மூடுபனி,
துறைமுகம் ஊதிக்கொண்டே இருக்கிறது.
சர்க்கரை கேட்டு டாங்குவோலே வீட்டுக்குப் போனேன்.
அலமாரியில் அந்த ஜாடி.
புதிதாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்,
நீல மையில், கோணலாக:
ரிம்விதாஸுக்கு அல்ல.