நீலம்

வியாழன் கடைசி இரண்டு பாடமும் ஆய்வுக்கூடம்.
பசலைக்கீரை, பாசார் மாலாமில் வாங்கியது.
அரைக்கிற மெஷின் கேண்டீன் அக்காவிடம் இரவல்.
"சம்பல் வாசம் போகாது, பரவாயில்லையா?"
ஐஸ்கட்டி, பஹாவ் பேருந்து நிலையத்தில்
ஐஸ் கச்சாங் விற்பவரிடம்.
உருகுமுன் ஓடி வந்தவள் மெய் தெங்,
ஒரு செருப்பின் வார் அறுந்து.

சூடு பட்டால் இலைச்சாறு வேலை செய்யாதாம்.
குளிரக் குளிர வடிகட்டி
இரண்டு குழாயில் ஊற்றினோம்.
இரண்டிலும் நீலச் சாயம், பத்துச் சொட்டு.
ஒன்றுக்கு அலுமினியத் தாள் சுற்றினோம்,
சோற்றுப் பொட்டலம் போல.
மற்றதை விளக்கின் முன் நிறுத்தினோம்.

நான்கு நிமிடம்.
வெளிச்சம் பட்ட குழாயில் நீலம் போய்விட்டது,
கழுவிவிட்ட மாதிரி, வெறும் பச்சை.
தாளைப் பிரித்தால்
உள்ளே நீலம் அப்படியே.

ரொஸ்லினா டீச்சர் பலகையில் அம்புகள் வரைந்தார்.
ஒளி விழுந்ததும் இலை எலெக்ட்ரானைக் கைமாற்றுகிறது,
செங்கல் ஏற்றும் ஆட்கள் வரிசையாய் நின்று
கைக்குக் கை வீசுவதைப் போல.
சாயம் வரிசையில் புகுந்து பிடுங்கிக்கொள்கிறது.
"சில களைக்கொல்லிகளுக்கும் இதே வேலைதான்.
தேர்வில் வராது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்."
ஓரத்தில் ஒரு பெயரை எழுதினார்:
பாராகுவாட்.

ஆறாம் ஆண்டில், தமிழ்ப்பள்ளியில்,
இந்தப் பாடத்துக்கு ஒளிச்சேர்க்கை என்று பெயர்.
சூரியனுக்கு மூக்கு வரைந்து அரை மதிப்பெண் இழந்தேன்.
பிறகு மலாயில் அது ஃபோத்தோசிந்தெசிஸ்.
பலகையோரத்துச் சொல் மட்டும்
எந்த மொழிக்கும் முன்பே எனக்குத் தெரியும்.
எங்கள் வீட்டுப் பின்புறம்
அந்தப் பெயர் போட்ட தோம்பில்தான்
குளிக்கத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தோம்,
நான் மூன்றாம் பாரம் படிக்கும்வரை.

அம்மா மருந்தடிக்கிற கும்பலில்.
பெரட்டில் வானத்தைப் பார்த்துவிட்டு
பக்கத்தில் நிற்கும் வேதவல்லி அக்காவிடம் சொல்வாள்:
"இன்னிக்கி நல்லா எரியும்."
வெயில் வந்தால்தான் புல் கருகும்.
தீம்பாரில் இது எல்லோருக்கும் தெரியும்,
மண்டோருக்குக்கூட.
ஏன் என்பது இன்றைக்கு எனக்குத் தெரிந்தது.
பேருந்தில் வரும்போது அது
மடியில் வைத்த தட்டு மாதிரி
எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் இருந்தது.

"என்ன படிச்சே?"
"கீரை."
"கீரையா? அதுக்கா ஆறாம் பாரம்?"
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்,
கட்டைவிரல் நகத்தில் வெள்ளைக் கோடு,
நகம் பாதி பெயர்ந்து வேறு திசை பார்த்தது.
எலெக்ட்ரானுக்குத் தமிழில் என்ன சொல்வது
என்று தேடினேன்.
அதற்குள் தாளிக்கப் போய்விட்டாள்.

வாளியில் அவள் சட்டை.
பம்பு உட்காரும் இடத்தில், முதுகின் நடுவே,
உள்ளங்கை அகலத்துக்கு நீலம்.
மூன்று தண்ணீர் அலசினேன்.
மறுநாள் கொடியில் போட்டேன்.
வெள்ளி, சனி, இரண்டு நாள் முழு வெயில்.
போகவில்லை.

போகாது.
துணியில் இலை இல்லை.
பறிகொடுக்க எதுவும் இல்லாத இடத்தில்
சாயம் நிறம் மாறுவதில்லை:
இரண்டு மதிப்பெண் விடை.
மூன்றாவது மதிப்பெண்ணுக்கு என்ன எழுதுவதென்று
நோட்டில் ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்.

திங்கள் விடியலில்
அதே சட்டையை மாட்டிக்கொண்டு போனாள்.
லயத்து வளைவில் திரும்பும்வரை
முதுகு தெரிந்தது.
பள்ளிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது,
காலுறை ஒன்று கிடைக்கவில்லை.
வாசலில் நின்று நானும்
வானத்தைப் பார்த்தேன்.

மப்பு இல்லை.