நிகர எடை

இதுவரை பதினேழு நாவல்.
எல்லாவற்றிலும் பனித்தரை, எல்லாவற்றிலும் இரண்டு ஆண்கள்.
ஒருவன் தங்கம் வாங்கியவன்,
மற்றவன் வெள்ளி வாங்கியதை மறக்காதவன்.
போட்டிக்கு முந்தைய இரவு ஓட்டலில்
ஒரே ஒரு கட்டில்தான் மிச்சம் இருக்கும்.
அது எப்படி என்று நான் கேட்பதில்லை.
கேட்கிறவன் காதல் கதை படிக்கக் கூடாது.

நான் படிப்பது பாடாங் செராய்க்கு வெளியே,
செம்பனை ஆலையின் எடைமேடை அறையில்,
இரவு ஷிப்டில், லாரிக்கும் லாரிக்கும் நடுவே,
கைப்பேசி வெளிச்சத்தைப் பாதியாய்க் குறைத்துக்கொண்டு.
மின்விசிறி மூன்றாம் எண்ணில் வைத்தாலும்
இரண்டாம் எண்ணில்தான் சுற்றும்.
நான் பார்த்த பெரிய பனி
சந்தையில் மீன்கடை லிம் இறக்கும் ஐஸ்கட்டி.
அதன்மேல் கெம்போங் மீன் படுத்திருக்கும்.
யாரும் சுழன்று ஆடியதில்லை.

பதினொன்றாவது நாவலில் ஒரு வரியில் நின்றுவிட்டேன்.
சறுக்குக் காலணியின் இரும்புக்கு
ஒன்றல்ல, இரண்டு விளிம்பாம்.
உள்விளிம்பு, வெளிவிளிம்பு.
எதில் சாய்கிறாய் என்பதுதான் ஆட்டமே.
நடுவில் தட்டையாக நின்றால்
விழமாட்டாய், வளையவும் மாட்டாய்,
மதிப்பெண் மட்டும் போகும்.

முப்பத்தாறு வருஷம் தட்டையாக நின்றிருக்கிறேன்.
அம்மா கேட்டால், சம்பளம் ஏறட்டும்.
ஆலையில் கேட்டால், அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்.
அதற்கு ஒரு பதக்கம் வைத்தால்
மாநில அளவிலாவது வருவேன்.

கடைசி அத்தியாயத்தில் அரங்கமே எழுந்து கைதட்டும்.
அந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகத் தள்ளிவிடுவேன்.
இங்கே கோயில் செயலாளரும் சார்ஜனும்
ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள்.

ஆடி முடித்தவர்கள் போய் உட்கார ஒரு பெஞ்ச் உண்டு.
முத்தமும் அழுகையும் என்று அதற்குப் பெயராம்.
பூங்கொத்தும் மூச்சிரைப்புமாக
எண் வரும்வரை காத்திருப்பார்கள்.

என் அறையிலும் ஒரு பெஞ்ச்.
லாரிக்காரர்களும் எண்ணுக்குத்தான் காத்திருப்பார்கள்.
குலையோடு எடை, காலி லாரி எடை,
கழித்தால் நிகர எடை.
சீட்டு கிழித்துத் தருபவன் நான்.
எடை போடும்போது ஓட்டுநர் இறங்கிவிட வேண்டும், அது விதி.
ஆகவே கவிநேசனின் எடை எந்தச் சீட்டிலும் இல்லை.

அவன் வருவது இரண்டரை மணிக்கு.
ரப்பர் வளையம் போட்ட பையில் தே ஓ ஐஸ்,
தனக்கொன்று, எனக்கொன்று. நான் கேட்டதே இல்லை.
"எப்பவும் என்னதான் படிக்கிறீங்க?"
"விளையாட்டுதான்."
"யாரு ஜெயிச்சா?"
"இன்னும் நூறு பக்கம் இருக்கு."

நேற்று மழை. குலை கொட்டும் சரிவெல்லாம் எண்ணெய்.
காலி லாரியை மேடையில் நிறுத்திவிட்டு,
குறுக்கு வழியாகச் சரிவில் வந்தான்.
என் சன்னலுக்கு நேரே
சிலிப்பர் போட்ட இடதுகால் வழுக்கி,
வலதுகால் பின்னால் எழும்பி,
இரண்டு கைகளும் இரண்டு பைகளோடு விரிந்து,
நாலடி, இல்லை, ஆறடி
வளைந்தே போனான்.
விழவில்லை.
ஒரு பை போய்விட்டது.
குலை தள்ளும் வங்காளதேசத் தம்பி
கொக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினான்.
அவன் ஒருவன்தான் இருந்தான். அரங்கம் நிறைந்துவிட்டது.

உள்ளே வந்து பெஞ்சில் விழுந்தான்.
மூச்சு வாங்கியது. சட்டையில் மண்ணும் மழையும்.
முழங்கால் என் நாற்காலியில் இடித்தது,
அங்கேயே இருந்தது.
"பார்த்தீங்களா?"
"வெளிவிளிம்பு," என்றேன்.
"என்னது?"

மிஞ்சிய பையை இருவருக்கும் நடுவில் வைத்தான்.
ஒரே ஒரு ஸ்ட்ராதான்.
அது எப்படி என்று நான் கேட்கவில்லை.
அடுத்த லாரி ஹாரன் அடித்தது.
அவன் எண்ணைக் கேட்கவில்லை,
சீட்டு இன்னும் இயந்திரத்திலேயே
பாதி வெளியே நீட்டிக்கொண்டு.