ஊமைக்கட்டை

நாடாவை முதலில் வேகவைக்க வேண்டும்.
ஐம்பத்து நான்கு பாகை, எட்டு மணி நேரம்,
முஸ்தஃபாவில் வாங்கிய, பழம் உலர்த்தும் பெட்டியில்.
ஐம்பது வருட ஈரத்தைக் குடித்த நாடா.
அப்படியே ஓடவிட்டால்
பழுப்புப் பசையாக உரிந்து
இசை முழுக்க என் நகக்கண்ணில் சேர்ந்துவிடும்.

அட்டைப்பெட்டியின் மேல் பென்சில் எழுத்து:
யூலாலி மின்ஜூட், பியானோ.
பாசிர் பாஞ்சாங், நவம்பர் எழுபத்து மூன்று.
அதற்குக் கீழே யாரோ கிறுக்கியிருக்கிறார்கள்:
மழை. பரவாயில்லை.

இந்த ஊரில் ஜாஸ் பழகும் எவருக்கும்
அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை.
மெட்டு உச்சிக்கு ஏறும்போது
கடைசிக்கு முந்தைய படியில் காலை வைக்காமல்
ஒரு கணம் அந்தரத்தில் நிற்பாள்,
பிறகு பக்கவாட்டில் இறங்குவாள்.
'மின்ஜூட் இடைவெளி' என்று அதற்குப் பெயர்.
தேர்வில் ஐந்து மதிப்பெண்.
அது துக்கம் என்று எழுதினார் ஒரு பேராசிரியர்.
வெள்ளைக்காரன் விட்டுப்போன வெற்றிடம் என்றார் இன்னொருவர்.
என் அக்கா மகள் வர்ணிகா
தெம்பனிஸில், பதினோராம் மாடி வீவக வீட்டில்
காதொலிப்பானை மாட்டிக்கொண்டு
அந்த வெற்றிடத்தை மட்டும்
ராத்திரி பன்னிரண்டு வரை பழகுகிறாள்.
சத்தமே இல்லாத ஒன்றை
அக்கம்பக்கம் எழாதபடி.

நாடா ஓடுகிறது.
முதலில் மழை. பிறகு கடல்,
மழைக்குள் இன்னொரு மழைபோல.
அந்தக் கடல் இப்போது அங்கே இல்லை,
கொள்கலன்கள் நிற்கின்றன.
கோப்பைகள் இடிபடுகின்றன, யாரோ தும்முகிறார்கள்,
பிறகு அவள்.

எப்படிச் சொல்ல?
இடதுகை
வாடகை கேட்டு வந்தவன்போல ஒரே நடையாய் நடக்க,
வலதுகை, வீட்டில் ஆளில்லை என்று
ஒவ்வொரு சன்னலாகச் சாத்திக்கொண்டு ஓடுகிறது.
மெட்டு ஏறுகிறது.
கடைசிக்கு முந்தைய படி.

டொக்.

மரம் மரத்தில் படும் சத்தம். சுரம் இல்லை.
மறுபடி ஏறுகிறாள்.
டொக்.
வாசிப்பு நிற்கிறது. பாதிச் சிரிப்பு, பாதி எரிச்சல்:
"மிஸ்டர் ஓங், உங்க பியானோவுல ஒரு கட்டை செத்துப்போச்சு."
மதுக்கூடத்துப் பக்கமிருந்து ஒரு குரல்:
"மழைக்காலம்தானே. ஜனவரியில பிழைச்சுக்கும்."

மூன்றாம் முறை
அவள் அந்தக் கட்டையைத் தொடவே இல்லை.
அது இருந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டாள்,
பக்கத்துக் கட்டையில் இறங்கினாள்.
யாரோ ஒருவர் மட்டும் கைதட்டினார்.

அவ்வளவுதானா?
ஈரத்தில் ஊறிய ஒரு விரல் அகல மரமா?

இல்லை, எண்பத்தொன்றின் நாடாவும் என்னிடம் இருக்கிறது.
சிட்னி. குளிரூட்டிய அரங்கம்.
எண்பத்தெட்டுக் கட்டையும் கேட்டால் பதில் சொல்லும் பியானோ.
அங்கேயும் அதே படி, அதே மூச்சு.
கட்டை வேகும்வரை பழக்கம் போகாது என்பார்கள்;
இது ஒரு கட்டை செத்து வந்த பழக்கம்.
ஆனாலும் கேட்டுப் பாருங்கள்,
சிட்னியில் அவள் காத்திருப்பது இன்னும் கொஞ்சம் நீளம்.
ஓங் சொன்ன ஜனவரிக்கு
நேரம் கொடுப்பதுபோல.

இரைச்சலை நீக்கும் மென்பொருள்
இரண்டு 'டொக்'கையும் சிவப்பில் வட்டமிட்டுக் காட்டுகிறது.
மழையையும்தான். தும்மலையும்தான்.
எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி:
அழிக்கவா?
அதை மூடிவிட்டுக் கோப்பி வாங்கப் போனேன்.

வரிசையில் நின்றபடி
அந்த நாற்பது நொடியை மட்டும் வர்ணிகாவுக்கு அனுப்பினேன்.
செய்யக்கூடாது. விதி இருக்கிறது.

பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் குறிகள்.
நெடுநேரம் எதுவும் இல்லை.
கோப்பி-ஓ ஆறிப்போன பிறகு வந்தது:

"அப்போ சித்தி,
நான் அதை அமுக்கலாமா?"