மூன்றாவது கட்டம்

கணக்கெடுப்புக்காரர் மழையோடு வந்தார்.
சிலோயே தீவுக்கு வேறு விதமாக யாரும் வருவதில்லை.
ஈரக் கோட்டை அடுப்போரம் தொங்கவிட்டு
மேசையில் படிவத்தை விரித்தார்.

நிலம்? இரண்டரை ஹெக்டேர்.
அதில் அரை, சதுப்பு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.
ஆடு? பதினொன்று.
நேற்று இரவு வரை பத்து.
உருளைக்கிழங்கா,
எத்தனை மூட்டை என்று கேட்கிறீர்களா
எத்தனை நிறம் என்றா?
அவர் சிரிக்கவில்லை.
காலையிலிருந்து இது ஏழாவது வீடு, பாவம்.

பிறகு கேட்டார்:
பண்ணையின் நோக்கம் என்ன?
மூன்று கட்டங்கள் இருந்தன.
விற்பனை. வீட்டுத் தேவை. மற்றவை.
மற்றவைக்குப் பக்கத்தில்
விவரம் எழுத ஒரு விரல் நீளத்துக்குக் கோடு.

நான் கெயோன் ஊரில், சால்மன் ஆலையில்
ஒன்பது வருடம் மீனுக்கு முள் எடுத்தவள்.
பெல்ட் ஓடும், நான் நிற்பேன்.
மணி அடித்தால் ரொட்டி,
மணி அடித்தால் கழிப்பறை.
சம்பளம் தேதி தவறாமல் வந்தது, பொய் சொல்லக் கூடாது.
அங்கே யாரும் என்னிடம் நோக்கம் கேட்டதில்லை.
மில்லராய் முதல் அடி எடுத்து வைத்ததை
பக்கத்து வீட்டுக்காரி போனில்தான் சொன்னாள்.
கையுறைக்குள் விரல்கள் மரத்திருந்தன.
யார் பிள்ளையைச் சொல்கிறாள் என்று
ஒரு கணம் விளங்கவில்லை எனக்கு.

இங்கே வந்த முதல் வருடம் கருகல் நோய்.
கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே கூழாகி நாறியது.
எவரிஸ்தோ மண்வெட்டியை வேலிக்கு அப்பால் எறிந்தான்.
பதினாறு நாள் நாங்கள் பேசவில்லை.
பசு வழியாகத்தான் பேச்சு:
பசுவே, அவரிடம் சொல், சூப் ஆறுகிறது.
பசுவே, அவளிடம் சொல், பசியில்லை.
அப்போது நோக்கம் இருந்ததா?
கடன் இருந்தது.

அடுத்த வருடம் கடல் உள்வாங்கிய விடியல்களில்
பாசி அள்ளி வந்து வயலில் கொட்டினோம்.
சின்னவன் எலியாஸ் வண்டியில், பாசிக் குவியல் மேல்,
ராஜா மாதிரி உட்கார்ந்து வருவான்.
உப்பு நாற்றம் அவன் தலைமுடியில் வாரக்கணக்கில் இருந்தது.
தூங்கும்போது முகர்ந்து பார்ப்பேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

நேற்று இரவு ஆடு முக்கிக்கொண்டே இருந்தது.
என் கை பெரிது, எவரிஸ்தோவின் கை அதைவிட.
மில்லராய் சட்டைக் கையைச் சுருட்டினாள்.
பத்து வயது. மணிக்கட்டு என் இரண்டு விரல் தடிமன்.
கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தேடினாள்:
ஒரு கால் இருக்கு.
இன்னொன்று இல்லை.
இரு, இரு... மடங்கிக் கிடக்கு.
லாந்தர் பிடித்திருந்த நான் மூச்சு விடவில்லை.
காலையில் முழங்கையைச் சரியாகக் கழுவாமலே
பள்ளிக்கூடம் போய்விட்டாள்.
டீச்சர் கேட்பார். கேட்கட்டும்.

இதையெல்லாம் அந்தக் கோட்டில்
எப்படி ஐயா எழுதுவீர்கள்?

வாயைத் திறந்தேன்.
அதற்குள் வெளியே எவரிஸ்தோவின் கத்தல்:
பசு பூண்டுப் பாத்தியில்!
செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.
சேற்றில் வழுக்கி விழுந்தோம்,
முதலில் நான், என்னைத் தூக்க வந்த அவன்.
பசு நிதானமாகப் பார்த்தது,
சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா என்பதுபோல.

திரும்பி வந்தால்
அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்.
தாய் ஒதுக்கிய குட்டி அவர் மடியில்,
புட்டியைப் பிடித்தபடி அவர்,
எப்படிச் சாய்க்க வேண்டும் என்று அதட்டியபடி எலியாஸ்.
படிவத்தின் ஒரு மூலையில் பால் சிந்தியிருந்தது.

எந்தக் கட்டத்தில் குறியிட்டார் என்று பார்க்கவில்லை.
என் கையெல்லாம் சேறு.
போகும்போது கறுப்புக் கிழங்கு
இரண்டு கிலோ கட்டிக் கொடுத்தேன்.
தோலோடு வேகவையுங்கள், என்றேன்.
உரித்துவிட்டு வேகவைத்தால்
நிறமெல்லாம் தண்ணீரோடு போய்விடும்.